குஞ்சுக் கூண்டின் தரைச் சூட்டை ஷெல் ஸ்கிரிப்ட் வைத்து அளப்பது

அம்மா நாட்டுக்கோழி வளர்க்கிறார். பரமத்தி வேலூர் பக்கம் எங்கள் வீடு. ஒரு பேட்சுக்கு ஐம்பது, அறுபது குஞ்சுகள். இன்குபேட்டரில் பொரித்தவை, தாய்க்கோழியின் இறக்கைச் சூடு கிடையாது. அதனால் முதல் நான்கைந்து வாரம் பல்பு போட்டுச் சூடு கொடுக்க வேண்டும். பண்ணைக்காரர்கள் இதைப் புரூடிங் என்பார்கள். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ். அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் குறைத்து 70 வரை இறக்குவது பொதுவான கணக்கு.

இந்த 35 டிகிரியை எங்கே அளப்பது என்பதுதான் கேள்வி. நாங்கள் ரொம்ப நாள் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருந்தோம். அது நம் கண் உயரத்தில் இருந்தது. குஞ்சு இருப்பதோ தரையில், உமிக்கு இரண்டு விரற்கடை மேலே. தெர்மாமீட்டரைக் கீழே இறக்கி வைத்தாலும், பல்பின் வெக்கை நேராக அதன்மேல் பட்டு அதுவே சூடாகி, தன் சூட்டைத்தான் காட்டியது. குஞ்சு வயிற்றை வைத்துப் படுக்கும் உமியின் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்பதுதான் எனக்குத் தேவைப்பட்டது. தொடாமல் மேற்பரப்பை அளக்க அகச்சிவப்பு சென்சார்தான் சரி. அதை ராஸ்பெரி பை ஜீரோ என்ற சின்னக் கணினியில் இணைத்து, வெறும் ஷெல் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கமாண்டுகளை வரிசையாக எழுதிய கோப்பு) கொண்டு எப்படி ஓட்டுகிறேன் என்பதைச் சொல்கிறேன். பைத்தான் லைப்ரரி எதுவும் வேண்டாம். ஸ்கிரிப்ட் ஐம்பது வரிக்குள் அடங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது கெட்டுப்போனால், தூக்கக் கண்ணோடு படித்தாலும் புரியும்.

கமாண்டுகளைப் பற்றி ஒரு விஷயம். தம்பிக்குப் போனில் வாசித்துக் காட்டியது போலவே இங்கும் தமிழ் ஒலியில் எழுதுகிறேன். டெர்மினலில் தட்டும்போது அந்த ஒலிக்குரிய ஆங்கிலச் சின்ன எழுத்தைத் தட்டுங்கள். ஸ்கிரிப்ட்டில் மாறிகளுக்கு நான் தமிழ்ப் பெயர் வைத்துக் காட்டுவது புரிவதற்காகத்தான். ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பாஷ் என்ற ஷெல் தமிழ்ப் பெயரை மாறியாக ஏற்காது, அவற்றையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

எந்த சென்சார்

நான் பயன்படுத்துவது எம்எல்எக்ஸ்90614. பெல்ஜியத்தைச் சேர்ந்த மெலெக்சிஸ் செய்வது. சட்டைப் பொத்தான் அளவுக்கு உலோகக் குப்பி, மேலே ஒரு சின்ன ஜன்னல். பொருள்கள் தம் சூட்டால் வெளிவிடும் 5.5 முதல் 14 மைக்ரான் வரையான கதிரை உள்வாங்கி, கணக்கையும் உள்ளேயே போட்டு, வெப்பநிலையை எண்ணாகக் கொடுத்துவிடும். மைனஸ் 70 முதல் 380 டிகிரி வரை அளக்கும். நமக்கு வேண்டிய 20 முதல் 40 டிகிரிக்குள் துல்லியம் அரை டிகிரி. குஞ்சுக்கு இது தாராளம்.

கடையில் பெரும்பாலும் ஜிஒய்-906 என்ற சின்ன போர்டில் வைத்து விற்பார்கள். வாங்கும்போது எண்ணில் முதல் கோட்டுக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்தைப் பாருங்கள். முதல் எழுத்து மின்னழுத்தம்: ஏ என்றால் 5 வோல்ட், பி என்றால் 3 வோல்ட். ராஸ்பெரி பைக்கு பி எடுங்கள். கடைசி எழுத்து, சென்சார் எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்பது. சாதாரணமாகக் கிடைக்கும் பிஏஏ 90 டிகிரி அகலம் பார்க்கும். பிசிசி 35 டிகிரிதான். விலை கூடுதல். ஆனால் அதில் இன்னொரு நன்மை உண்டு: நடுவில் உள்ள சி, குப்பியின் ஒரு பக்கம் மட்டும் சூடானால் வரும் பிழையைச் சரிக்கட்டும் வகை என்று பொருள். பல்பு பக்கத்தில் எரியும் இடத்தில் அது பெரிய விஷயம். நான் முதலில் பிஏஏ வாங்கி, பிறகு பிசிசிக்கு மாறினேன். நீங்கள் நேராக பிசிசியே வாங்கிவிடுங்கள்.

கம்பி

நான்கு கம்பிதான். சென்சாரும் ராஸ்பெரி பையும் ஐ2சி என்ற முறையில் பேசிக்கொள்ளும்; அதில் எஸ்டிஏ தகவல் போகும் கம்பி, எஸ்சிஎல் தாளம் போடும் கம்பி. ராஸ்பெரி பையின் 1-ஆம் பின்னிலிருந்து 3.3 வோல்ட், 3-ஆம் பின் எஸ்டிஏ, 5-ஆம் பின் எஸ்சிஎல், 6-ஆம் பின் கிரவுண்ட். போர்டிலும் இதே பெயர்கள் அச்சிட்டிருக்கும், 3.3 வோல்ட்டுக்கு மட்டும் விஐஎன் அல்லது விசிசி என்றிருக்கும். ஜம்பர் வயரைச் செருகிவிட்டு அப்படியே விடாதீர்கள், சால்டர் வையுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

கூண்டுக்கும் பைக்கும் தூரம் இருந்தால் லேன் கேபிள் நல்லது. எஸ்டிஏவை ஒரு முறுக்கு ஜோடியில் கிரவுண்டோடும், எஸ்சிஎல்லை இன்னொரு ஜோடியில் 3.3 வோல்ட்டோடும் போடுங்கள். எஸ்டிஏவையும் எஸ்சிஎல்லையும் ஒரே ஜோடியில் முறுக்கினால் ஒன்றின் சத்தம் மற்றதில் கேட்கும். என் கேபிள் 2 மீட்டர். அதற்கே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. இந்த சென்சார் 10 முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை பேசும். பூட் பகுதியின் கான்ஃபிக் கோப்பில் ஐ2சி பாட்ரேட் என்ற அளவுருவை 50000 என்று வைத்தேன். அதன்பின் படிப்பில் பிழை வருவது நின்றது.

முதல் படிப்பு

ராஸ்பி-கான்ஃபிக் மெனுவில் இன்டர்ஃபேஸ் பகுதிக்குப் போய் ஐ2சி-யை இயக்குங்கள். ஐ2சி-டூல்ஸ் என்ற பொதியை ஆப்ட் வழியாக நிறுவுங்கள். பிறகு,

ஐ2சிடிடெக்ட் -ஒய் 1

என்று தட்டினால் ஒரு கட்டம் போட்ட அட்டவணை வரும். அதில் 5ஏ என்று தெரிந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. அதுதான் அதன் பிறவி முகவரி. கோடுகள் மட்டும் தெரிந்தால் கம்பியைப் பாருங்கள். யுயு என்று தெரிந்தால், லினக்ஸ் கெர்னலின் டிரைவரே சென்சாரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். கெர்னலில் இந்த சென்சாருக்குத் தனி டிரைவர் உண்டு. அது சிஸ் கோப்பகத்தில் ஐஐஓ சாதனமாக எண்களைக் கோப்பாகக் காட்டும், கேட் கமாண்டிலேயே படிக்கலாம். அது ஒரு நல்ல வழிதான். நான் ஐ2சி-டூல்ஸ் வழியில் நின்றதற்குக் காரணம், பிழை வரும்போது என்ன நடந்தது என்று நேராகத் தெரிவதுதான்.

இப்போது அளவு:

ஐ2சிகெட் -ஒய் 1 0எக்ஸ்5ஏ 0எக்ஸ்07 டபிள்யூபி

இதில் 1 என்பது பஸ் எண், 5ஏ முகவரி, 07 என்பது எதிரே உள்ள பொருளின் சூடு இருக்கும் அறை. 06 போட்டால் சென்சார் குப்பியின் சொந்தச் சூடு வரும். கடைசியில் உள்ள டபிள்யூ இரண்டு பைட்டாகப் படி என்று சொல்கிறது. அதோடு ஒட்டிய பி-யை விட்டுவிடாதீர்கள். சென்சார் ஒவ்வொரு பதிலின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு பைட் அனுப்புகிறது. பி போட்டால்தான் கெர்னல் அதைச் சோதித்து, வழியில் சிதைந்த பதிலை ஏற்காமல் பிழை என்று திருப்பும். இணையத்தில் கிடைக்கும் பல எடுத்துக்காட்டுகளில் வெறும் டபிள்யூதான் இருக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன்.

பதிலாக 0எக்ஸ்3சி2எஃப் போல ஒரு எண் வரும். தசமத்தில் 15407. ஒவ்வொரு படியும் 0.02 கெல்வின். அதாவது 0.02-ஆல் பெருக்கி 273.15-ஐக் கழித்தால் செல்சியஸ். ஆனால் பாஷுக்குத் தசமப் புள்ளிக் கணக்கு தெரியாது. அதற்காக பிசி, ஆக் போன்ற வேறு கமாண்டுகளைத் தேடிப் போக வேண்டாம். எல்லாவற்றையும் நூறால் பெருக்கிவிட்டால் முழு எண்ணாகவே முடிந்துவிடும்:

சூடு=$(( மூலம் * 2 - 27315 ))

15407-ஐ இரண்டால் பெருக்கினால் 30814. அதில் 27315 போனால் 3499. அதாவது 34.99 டிகிரி. 0எக்ஸ் என்று தொடங்கும் எண்ணை பாஷ் தானாகவே பதினாறடிமானமாக எடுத்துக்கொள்ளும், மாற்றித் தர வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட் முழுவதும் நான் இந்த நூறு மடங்கு எண்ணிலேயே நிற்கிறேன். 35 டிகிரி என்பது எனக்கு 3500.

சென்சார் எதைப் பார்க்கிறது

ஸ்கிரிப்ட் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. சென்சாரை எங்கே தொங்கவிடுவது என்று கண்டுபிடிக்க மூன்று பேட்ச் ஆனது. நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

90 டிகிரி அகலம் என்றால், சென்சார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப்போல இரண்டு மடங்கு குறுக்களவுள்ள வட்டத்தைத் தரையில் பார்க்கிறது. நான் பிஏஏவை அரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டேன். அது பார்த்தது ஒரு மீட்டர் வட்டம். எங்கள் தகரத் தடுப்பே அவ்வளவுதான். ஆக, உமி, தகரம், தண்ணீர்க் குடுவை, தீவனத் தட்டு, அறுபது குஞ்சு எல்லாவற்றையும் கலந்து ஒரு சராசரியைச் சொன்னது. அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. 35 டிகிரி வகையில் வட்டம் உயரத்தைவிடச் சிறியது, உயரத்தில் 0.63 பங்கு. 40 சென்டிமீட்டர் உயரத்தில் 25 சென்டிமீட்டர் வட்டம். உமியில் ஒரு தாம்பாளம் அளவு இடம். அதுதான் எனக்கு வேண்டியது.

பார்க்கும் வட்டத்துக்குள் பளபளப்பான உலோகம் வரக்கூடாது. உமி, செய்தித்தாள், மண், தோல், தண்ணீர் இவையெல்லாம் தம் சூட்டை ஒளிக்காமல் கதிராக விடுபவை. தகரமும் எவர்சில்வரும் அப்படியில்லை. அவை கண்ணாடி போலச் சுற்றியுள்ள சூட்டை எதிரொளிக்கும். எவர்சில்வர் தட்டைப் பார்த்தால் சென்சார் கூரையின் சூட்டைச் சொல்லும். அதனால் தகரத் தடுப்பின் விளிம்பிலேயே சென்சாரை மாட்டாமல், ஒரு மூங்கில் குச்சியை உள்ளே நீட்டி அதன் நுனியில் கட்டியிருக்கிறேன். பல்புக்கு நேர் கீழே வேண்டாம், தடுப்பை ஒட்டியும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில்.

பிறவியில் இந்த சென்சார், எதிரே இருப்பது முழுமையாகக் கதிர்விடும் பொருள் என்று வைத்துத்தான் கணக்குப் போடும். உமி அதைவிடக் கொஞ்சம் குறைவு. 0.95 என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரை 35, சுற்றுப்புறம் 28 என்றால் வரும் பிழை மூன்றில் ஒரு டிகிரிதான். விட்டுவிடலாம். சென்சாரின் உள்நினைவில் அந்த எண்ணை மாற்ற முடியும், கமாண்டும் இருக்கிறது. ஆனால் பக்கத்து அறையில் உள்ள கான்ஃபிக் எண்ணில் கை பட்டால் தொழிற்சாலையில் செய்த அளவுத்திருத்தமே போய்விடும். மூன்றில் ஒரு டிகிரிக்காக அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் முடிவு.

பல்பின் ஒளி நேரடியாகத் தொந்தரவு தருமா என்று தம்பி கேட்டான். இழை பல்பின் கதிர் பெரும்பாலும் 3 மைக்ரானுக்குக் கீழே இருக்கிறது, சென்சாரின் ஜன்னல் 5.5-க்குக் கீழே வடிகட்டிவிடும். ஆனால் பல்பின் சூடான கண்ணாடி மூடியே கதிர்விடும், அது வட்டத்துக்குள் வரக்கூடாது. அதைவிட முக்கியம், பல்பின் வெக்கை குப்பியின் ஒரு பக்கம் பட்டுக்கொண்டே இருப்பது. குப்பியின் சொந்தச் சூட்டோடு ஒப்பிட்டுத்தான் சென்சார் எதிரே உள்ளதை அளக்கிறது. குப்பி ஒருபக்கமாகச் சூடானால் கணக்கு சரியும். பல்பு பக்கம் ஓர் அட்டைத் துண்டை மறைப்பாக வைத்தேன், சரியானது. 06-ஆம் அறையையும் அவ்வப்போது படித்துப் பாருங்கள். குப்பியின் சூடு தரையின் சூட்டைவிட நிறையக் கூடுதலாக இருந்தால் சென்சார் வேகிறது என்று அர்த்தம்.

தூசு ஒரு தீராத தொல்லை. கண்ணாடியால் மூடலாம் என்று நினைக்காதீர்கள். நம் கண்ணுக்குத்தான் கண்ணாடி தெளிவு, இந்த நீள அலைக்கு அது சுவர். கண்ணாடியின் சூடுதான் வரும். மாறாக, மளிகைக்கடையில் தரும் மெல்லிய சலசல பாலித்தீன் கவர் இந்தக் கதிரைப் பெருமளவு விடும். ஒற்றை மடிப்பாக இழுத்துக் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றுகிறேன். அளவு கொஞ்சம் இறங்கும். கவர் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று படித்து வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு ஸ்கிரிப்ட்டில் கூட்டிவிடுங்கள்.

பனிக்கட்டிச் சோதனை

சென்சார் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, அகலமான கிண்ணத்தில் ஐஸை நன்றாக நொறுக்கிப் போட்டு, தண்ணீர் மட்டுக்கு ஊற்றிக் கலக்குங்கள். கவர் இல்லாமல் இரண்டு சென்டிமீட்டர் மேலே பிடித்துப் படியுங்கள். சுழியம் வராது. 1 முதல் 2 டிகிரி வரை வரும். அது கோளாறு அல்ல. தண்ணீரும் கொஞ்சம் எதிரொளிக்கும், 30 டிகிரி அறையின் கதிர் அதில் பட்டுத் திரும்பி வருகிறது. 5 டிகிரி, 6 டிகிரி என்று காட்டினால்தான் ஜன்னலில் அழுக்கு அல்லது சென்சாரில் குறை. சீக்கிரம் படித்து முடியுங்கள், ஜன்னலில் நீர் படிந்துவிட்டால் அந்த நீரைத்தான் அளப்பீர்கள்.

அந்த மார்கழி ராத்திரி

இரண்டாவது பேட்சில் பல்பையும் ஸ்கிரிப்ட்டோடு இணைத்தேன். தரை 33.5-க்குக் கீழே போனால் பல்பு எரியும், 35-க்கு மேல் போனால் அணையும். நான்கு நாள் அழகாக ஓடியது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பினார். "ஏன் கண்ணு, பல்பு அணைஞ்சு கிடக்குதே."

குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. குளிர் பட்டால் அவை அப்படித்தான் செய்யும். அடியில் சிக்கிய பதினோரு குஞ்சுகள் மூச்சுமுட்டிச் செத்திருந்தன. அம்மா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

பதிவுக் கோப்பைப் பார்த்தேன். கடைசி வரியில் 103755 என்று இருந்தது. 1037.55 டிகிரி. நான் சால்டர் வைக்காமல் செருகி வைத்திருந்த கம்பி தளர்ந்திருக்கிறது. படிப்பின் நடுவில் தொடர்பு அறுந்தால் எல்லா பிட்டும் ஒன்றாகவே வரும், அதாவது 65535. கணக்குப் போட்டால் அதுதான் 1037.55. ஸ்கிரிப்ட் அதை நம்பி, ரொம்பச் சூடு என்று பல்பை அணைத்தது. அடுத்த முறை பதிலே வரவில்லை. கணக்கு வரியில் மாறிக்கு முன்னால் டாலர் குறி போட்டிருந்தேன். மாறி காலி என்பதால் அந்த வரி பிழையாகி, சுற்று அங்கேயே முறிந்து ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது. பல்பு அணைந்த நிலையிலேயே விடியும்வரை கிடந்தது.

தவறு முழுக்க என் ஸ்கிரிப்ட்டில். கீழே வரும் ஒவ்வொரு சோதனையும் அந்த ராத்திரிக்குப் பிறகு எழுதியது. உங்கள் ஸ்கிரிப்ட்டில் இவற்றைத் தவிர்க்காதீர்கள்.

படிப்பை நம்பும் முன்

அளவு எடுப்பதைத் தனி ஃபங்ஷனாக எழுதினேன். அது முதலில் ஐ2சிகெட் வெற்றியாகத் திரும்பியதா என்று பார்க்கும். தோல்வி என்றால், வேறு எதுவும் செய்யாமல் தானும் தோல்வியாகத் திரும்பும்:

மூலம்=$(ஐ2சிகெட் -ஒய் 1 0எக்ஸ்5ஏ 0எக்ஸ்07 டபிள்யூபி) || ரிட்டர்ன் 1

அடுத்து, மூலம் 32767-ஐவிடப் பெரியதா என்று பார்க்கும். பதினாறு பிட்டில் மேல் பிட், பிழைக் கொடி. அது எழுந்திருந்தால் சென்சாரே இந்த அளவை நம்பாதே என்கிறது. அந்த மார்கழி ராத்திரி இந்த ஒரு வரி இருந்திருந்தால் 65535 அங்கேயே நின்றிருக்கும். பிறகு கணக்குப் போட்டு, விடை 500-க்கும் 6000-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்க்கும். எங்கள் ஊரில் குஞ்சுக் கூண்டின் தரை 5 டிகிரிக்குக் கீழேயோ 60-க்கு மேலேயோ போக வழியில்லை. போனால் அது அளவு அல்ல, கோளாறு.

இந்த ஃபங்ஷனை அரை நொடி இடைவெளியில் ஐந்து முறை அழைத்து, நல்ல விடைகளை வரிக்கு ஒன்றாகச் சேர்க்கிறேன். சார்ட் -என் வழியாக அனுப்பி வரிசைப்படுத்தி, நடுவில் உள்ளதை செட் (ஸ்ட்ரீம் எடிட்டர் என்பதன் சுருக்கமான கமாண்ட்) வைத்து எடுக்கிறேன். சராசரி எடுத்தால் ஒரு கெட்ட எண் எல்லாவற்றையும் இழுத்துவிடும், நடு எண்ணை அது அசைக்காது. ஒரு குஞ்சு சட்டென்று வட்டத்துக்குள் ஓடிப் போனாலும் இதே முறை காப்பாற்றும். ஐந்தில் குறைந்தது மூன்று நல்லதாக வராவிட்டால் அந்த நிமிடத்துக்கு அளவு இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

அளவு இல்லாத நிமிடத்தில் பல்பை எரியவிட வேண்டும். அணைக்கக்கூடாது. சூடு கூடினால் குஞ்சு தள்ளிப் போய் ஓரத்தில் உட்காரும், இடம் இருந்தால் போதும். குளிரிலிருந்து குஞ்சால் தப்பிக்க முடியாது. தொடர்ந்து மூன்று நிமிடம் அளவு வராவிட்டால் ஒரு சின்ன பஸ்ஸர் கத்தும். அதை அம்மாவின் கட்டில் பக்கம் வைத்திருக்கிறேன். அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை, தேவையும் இல்லை.

ரிலே

பல்புக்கு ஒரு ரிலே போர்டு. சின்ன சிக்னலைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. 230 வோல்ட் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கசிவு மின்சாரத்துக்கு ட்ரிப் ஆகும் ஆர்சிசிபி அந்த லைனில் இருக்க வேண்டும். பல்பை வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள், கீழே இருப்பது காய்ந்த உமி.

ரிலேயில் மூன்று முனை இருக்கும். பல்பை என்சி முனையில் இணைக்கச் சொல்லுங்கள், அதாவது ரிலே ஓய்வில் இருக்கும்போது மூடியிருக்கும் முனை. அப்படியானால் பை செத்தாலும், ரிலேவுக்குச் சிக்னல் போகாவிட்டாலும் பல்பு எரியும். பல்பை அணைக்கத்தான் ஸ்கிரிப்ட் வேலை செய்ய வேண்டும். சூடு அளவு மீறிப் போகாமல் காக்க அதே லைனில் ஒரு பைமெட்டல் தெர்மோஸ்டாட் வைத்தோம், அதற்கு ஸ்கிரிப்ட் எதுவும் தெரியாது.

பின்னை இயக்க ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் பின்சிடிஆர்எல் என்ற கமாண்ட் இருக்கிறது:

பின்சிடிஆர்எல் செட் 17 ஓபி டிஹெச்

17-ஆம் ஜிபிஐஓவை வெளியீடாக்கி உயர்த்தும். இது ஜிபிஐஓ எண், மேலே சொன்ன பின் வரிசை எண் அல்ல. கடைசிச் சொல்லை டிஎல் என்று மாற்றினால் தாழ்த்தும். விற்கும் ரிலே போர்டுகள் நிறைய, தாழ்ந்தால் இழுக்கும் வகை. உங்களுடையது எந்த வகை என்று பல்பை இணைக்கும் முன்பே சத்தம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே டிராப் கமாண்ட் போட்டு, பிழையாலோ சாதாரண கில்லாலோ ஸ்கிரிப்ட் முடிந்தாலும் ரிலே ஓய்வுக்குப் போகும்படி செய்யுங்கள்.

எரியும் அளவும் அணையும் அளவும் ஒன்றாக இருக்கக்கூடாது. இடையில் ஒன்றரை டிகிரி விட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் ரிலே நிமிடத்துக்கு நிமிடம் தட்டிக்கொண்டே இருக்கும், பல்பின் இழையும் சீக்கிரம் போய்விடும்.

வாரக் கணக்கையும் ஸ்கிரிப்ட்டே போடும். பொரித்த நாளை ஒரு கோப்பில் எழுதிவைத்து, டேட் கமாண்டின் நொடிக் கணக்கில் இன்றிலிருந்து அதைக் கழித்து, 604800-ஆல் வகுத்தால் எத்தனை வாரம் முடிந்தது என்று வரும். 3500-லிருந்து வாரத்துக்கு 280 கழிக்கிறேன், 2100-க்குக் கீழே இறக்குவதில்லை. சித்திரை, வைகாசியில் பகலில் பல்பு எரியவே எரியாது. அது சரிதான்.

தானாக எழும்ப

லினக்ஸில் புரோகிராம்களைத் தானாக ஓட்டும் சிஸ்டம்டிக்கு சர்வீஸ் கோப்பு ஒன்று எழுதி, அதில் ரீஸ்டார்ட் என்பதற்கு ஆல்வேஸ் என்று வைத்து, சர்வீஸை எனேபிள் செய்யுங்கள். கரன்ட் போய் வந்தாலும், ஸ்கிரிப்ட் விழுந்தாலும் தானே எழும். எழுதி முடித்ததும் சோதித்துப் பாருங்கள். ஓடும்போது எஸ்டிஏ கம்பியைப் பிடுங்குங்கள், பல்பு எரிய வேண்டும், மூன்று நிமிடத்தில் பஸ்ஸர் கத்த வேண்டும். ஸ்கிரிப்ட்டைக் கில் செய்யுங்கள், பல்பு எரிய வேண்டும். பையின் பவரைப் பிடுங்குங்கள், அப்போதும் எரிய வேண்டும். இந்த மூன்றையும் குஞ்சு வரும் முன்பே செய்யுங்கள். நான் ஒவ்வொரு பேட்சுக்கும் செய்கிறேன்.

நிமிடத்துக்கு ஒரு வரி பதிவாகிறது: நேரம், தரைச் சூடு, குப்பிச் சூடு, பல்பின் நிலை, ஐந்தில் எத்தனை படிப்பு நல்லது. நாளுக்கு 1440 வரி. கடைசி எண்தான் எனக்கு முக்கியம். அது 5-லிருந்து 4, 3 என்று இறங்கத் தொடங்கினால் கம்பி போகப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். போன மாதம் அப்படி ஒரு இணைப்பில் பச்சை பிடித்திருந்ததைக் கண்டுபிடித்தேன். கோழி எச்சத்தின் அமோனியா செம்பை அரிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்குக்கும் அம்மா டார்ச்சோடு போய்ப் பார்க்கிறார். குஞ்சுகள் வட்டம் முழுக்கப் பரவிப் படுத்திருந்தால் சூடு சரி. பல்புக்கடியில் குவிந்தால் குறைவு. ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிகம். அவர் சொல்வதும் எண் சொல்வதும் ஒத்துப்போகாத நாளில் நான் சென்சாரைத்தான் கழற்றிப் பார்ப்பேன். இதுவரை ஒவ்வொரு முறையும் ஜன்னலில் எச்சமோ, கவரில் தூசோ, குச்சி சாய்ந்து தகரத்தைப் பார்த்ததோதான் காரணம்.

பேட்ச் முடிந்ததும் சர்வீஸை நிறுத்தி, சென்சாரைக் கழற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு ஜன்னலை மெதுவாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். காய்ந்ததும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். அடுத்த பேட்சுக்கு எடுக்கும்போது பனிக்கட்டிச் சோதனையிலிருந்து தொடங்கலாம்.